தீவுக்குப் போன லீவு

1

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவில் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஊரிலிருந்து வேலை தேடிப் புதிதாக வந்திருக்கும் ஒரு அண்ணாச்சி என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆசீரு எப்பம்மா வெளிய வருவான்?" என்று கேட்டார்.

எதிலிருந்து வெளியே என்று எனக்குப் புரியவில்லை. ஜெயிலிலிருந்துதான் என்றார். ஊரில் எல்லாருக்கும் தெரியுமாம். என் வீட்டுக்காரரைத் தீவாந்தரம் அனுப்பிவிட்டார்களாம். பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு நான் பம்பாயில் ஒண்டியாகத் தவிக்கிறேனாம். மாதர் சங்கத்தில் எங்களுக்காக உருகி உருகி ஜெபம் பண்ணினார்களாம். அந்தக் கைதி என் முதுகுக்குப் பின்னால் நின்று பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சி இவரைப் பார்த்ததும் முதலில் திகைத்தார். பிறகு, "தப்பிச்சு வந்துட்டியாடே?" என்றார்.

சிரித்து ஓய்ந்த பிறகு யோசித்தேன். இது இப்படியே விட்டால் நாளைக்கு என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது வந்து நிற்கும். ஆகவே நம் ஊர்க்காரர்கள் படிக்கும் இந்தப் பத்திரிகையிலேயே நடந்ததை எழுதிவிடுகிறேன். ஆசீர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. தன் லீவில் ஒரு தீவுக்குப் போய் வந்தார், அவ்வளவுதான். அதுவே குற்றம் என்று நினைக்கிறவர்கள் ஊரில் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

2

எங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். அவர் விக்ரோலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். நான் கோட்டைப் பக்கம் ஒரு ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். நாள் முழுக்க ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் காதில் வாங்கிச் சரியான இடத்தில் கோத்துவிடுவது என் வேலை. பட்டேலைக் கேட்டவருக்குப் பாட்டீலைக் கொடுத்தால் அன்றைக்குத் தொலைந்தேன். என் காது தப்பு செய்யாது என்று ஆபீசில் பெயர் வாங்கியவள். இந்தப் பெருமை ஏன் இங்கே என்று பின்னால் தெரியும்.

தீவு ஆசையைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கியவர் ஸ்டீபன் அண்ணன். தூத்துக்குடிக்காரர். பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் பயணிகள் கப்பலில் சமையல்காரர். கப்பல் இங்கே நிற்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்கு வருவார், கோவிலிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். கப்பல் முழுக்கச் சமைக்கிற மனுஷனுக்கு நான் வைக்கிற மீன்குழம்பு வேண்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டு அவர் சேஷெல்ஸ் தீவுகளைப் பற்றிச் சொல்வார். போகிற வழியில் கப்பல் அங்கே நிற்குமாம். கட்டில் அகலத்துக்கு ஆமைகளாம், நம் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் பிறந்தவையாம். இன்னும் தள்ளி, ஆள் இல்லாத ஒரு தீவில் லட்சோப லட்சம் கடற்பறவைகள். நடுவிலே நடந்து போனால் ஒன்றுகூட எழும்பாதாம்.

"அதுகளுக்கு மனுஷன்னா என்னன்னே தெரியாதுடே. நீ வந்தா வா, போனா போ, அவ்வளவுதான்" என்றார் ஸ்டீபன் அண்ணன்.

இவர் சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். காலையில் குர்லா ஸ்டேஷன் பாலத்தில் இடிபட்டு, பகல் முழுக்க இரும்புச் சத்தத்தில் நின்று, சாயங்காலம் அதே பாலத்தில் மறுபக்கமாக இடிபட்டு வருகிறவருக்கு அந்தச் சொல் எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. அடுத்த தடவை ஸ்டீபன் அண்ணன் ஒரு படம் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பெரிய ஆமையின் மேல் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. இவர் அதைச் சுவரில் ஒட்டினார். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று நான் சொன்னேன். "வாடகை வீடுதானளா. உருப்படாமப் போனா வீட்டுக்காரனுக்குத்தான நட்டம்" என்றார்.

3

ஆசைப்பட்டால் போதுமா? கப்பல் கம்பெனி ஆபீசில் போய் விசாரித்தார். நானும் கூடப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் வியாபாரமா, வேலையா, சொந்தக்காரர் இருக்கிறார்களா என்று இந்தியில் அடுக்கினார். இவருடைய இந்தி இருபது வருஷமாகியும் ஓர் அங்குலம்கூட நகராத இந்தி. ஆமைக்கு இந்தியில் கச்சுவா. இவர் நிமிர்ந்து நின்று, தெளிவாக, "கச்ரா தேக்னே ஜானா ஹை" என்றார். குப்பை பார்க்கப் போக வேண்டும் என்று அர்த்தம்.

கவுண்டர்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீடு எங்கே என்று கேட்டார். செம்பூர் என்றார் இவர். குப்பை பார்க்க ஆப்பிரிக்கா கப்பல் எதற்கு, பக்கத்திலேயே தேவ்னாரில் பம்பாய்க் குப்பை முழுக்க மலையாகக் கிடக்கிறதே, நடந்தே போகலாமே என்றார் அவர். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் குறுக்கே புகுந்து ஆமையை மீட்டேன். அதற்குப் பிறகு அவர் அன்பாகவே பேசினார். ஆனால் ஆமை பார்ப்பது என்கிற காரணத்தை எந்த ஆபீசிலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றார். பாஸ்போர்ட்டுக்கு ஜாமீன் வேண்டும், அந்நியச் செலாவணிக்கு அனுமதி வேண்டும். பிழைக்கப் போகிறேன், படிக்கப் போகிறேன், சாகக் கிடக்கிற அண்ணனைப் பார்க்கப் போகிறேன் என்றால் கடைசியில் கிடைக்கலாம். சும்மா பார்க்கப் போகிறேன் என்றால் கிடைக்காது. சும்மா பார்க்கப் போக வெள்ளைக்காரனால்தான் முடியும் போலிருக்கிறது.

திரும்பி வருகிற ரயிலில் இவர், வடாலா தாண்டியதும், அந்தத் தீவு இல்லாவிட்டால் வேறு தீவு என்றார். நம் தேசத்தில் தீவே இல்லையா என்றார். அன்றிலிருந்து வீட்டில் காலையும் மாலையும் இதே பேச்சு. தீபாவளி லீவுக்குத் தீவு, தீவுக்குப் போகணும், தீவுக்குப் போகும்போது அந்தப் பெரிய பையை எடுத்துக்கலாம். மகள் மெர்சி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பாடப் புத்தகம் படிப்பாள்.

4

இந்த லீவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பம்பாய்க்கு வந்து இருபது வருஷமாகிறது. அவர் எடுத்த நீண்ட லீவு எல்லாம் ஊருக்குத்தான் வந்திருக்கிறது. ஒன்று தங்கச்சி கல்யாணம், ஒன்று மாமா சாவு, ஒன்று கொழுந்தன் கல்யாணம், ஒன்று கோவிலில் ஊரே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு வந்தே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் போட்ட உத்தரவு. வேண்டாவெறுப்பாக வந்தோம் என்று சொல்ல மாட்டேன். சந்தோஷமாகத்தான் வந்தோம். ஆனால் தனக்கென்று ஒரு நாள், எனக்கு இது வேண்டும் என்று, அந்த மனுஷன் கேட்டு நான் கண்டதில்லை. முதல் தடவையாக இந்த வருஷம் ஊரில் யாருக்கும் கல்யாணம் இல்லை. யாரும் சாகவும் இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அப்போதுதான் அவர் வாயைத் திறந்து கேட்டார்.

கேட்ட மறு வாரமே மைனியிடமிருந்து கார்டு வந்தது. மைனி அவருடைய அக்கா. புது வீட்டுப் பிரதிஷ்டை வைத்திருக்கிறார்களாம், தம்பி வராமல் வீட்டுக்குள் காலடி வைக்க மாட்டார்களாம். பிரதிஷ்டை நாள் சரியாக அந்தத் தீபாவளி லீவில் விழுந்தது.

அவர் கார்டை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். சரி, ஊருக்கே டிக்கெட் எடுத்துவிடலாம் என்றார். எனக்குக் கோபமென்றால் அப்படி ஒரு கோபம். மைனி மேல் இல்லை, இவர் மேல்தான். போக எங்கே தீவு இருக்கிறது, யார் கூட்டிப் போகப் போகிறார்கள், அக்கா வீட்டுக்காவது போனோம் என்றிருக்கட்டுமே என்று அவராகவே சமாதானம் சொல்லிக்கொண்டார். அன்று நான் குழம்பில் உப்பு போடவில்லை. மறந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

5

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஜமன்பாய் வந்தார். மெர்சியின் கூடப் படிக்கிற ஹன்சாவின் அப்பா. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் துணிக்கடை வைத்திருக்கிறார். அதுவரை எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. கையில் ஒரு டப்பா மிட்டாயோடு வந்து, உட்காரும் முன்பே இவர் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊருக்கு ஒரு மதராஸிக் குடும்பம் ஆசைப்பட்டு வருகிறது என்று மகள் சொன்னதும் தூக்கமே வரவில்லை என்றார். அண்ணனுக்கு எழுதிவிட்டாராம். அண்ணன் மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டாராம். எந்த வண்டியில் ஏறி எங்கே மாற வேண்டும் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

நாங்கள் இருவரும் விழித்தோம். எந்த ஊருக்கு என்று நான்தான் கேட்டேன். "தீவ்" என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சௌராஷ்டிரக் கடலோரத்தில், கோவாவோடு சேர்ந்து போர்ச்சுகீசியரிடமிருந்து சில வருஷத்துக்கு முன்னால் நம் கைக்கு வந்ததே, ஆங்கிலப் பேப்பரில் டியூ என்று போடுவார்களே, அந்த ஊரை அங்கத்திக்காரர்கள் தீவ் என்றுதான் சொல்கிறார்கள். முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் போய்விடும். ஐலண்ட் என்றால் மெர்சிக்குத் தெரியும். இந்தியில் டாப்பு என்றால் தெரியும். தமிழில் தீவு என்றால் என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பா நாள்தோறும் தீவு, தீவு என்றதை ஏதோ ஊர்ப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, உன் ஊருக்குத்தான் நாங்கள் வருகிறோம் என்று ஹன்சாவிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டிலும் அவள் தீவ் தீவ் என்று அழுத்திச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கான்வென்ட் பிள்ளையின் தமிழ் அப்படித்தான் என்று நான் விட்டுவிட்டேன். பட்டேலையும் பாட்டீலையும் பிரித்த காது இது.

மெர்சிக்கு முகம் சிவந்து கண் கலங்கிவிட்டது. ஜமன்பாயிடம் உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் இவர் கையமர்த்திவிட்டு, தன்னுடைய நகராத இந்தியில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அங்கே பறவை உண்டா, ஆமை உண்டா என்றார். இந்தத் தடவை கச்சுவா என்று சரியாகவே வந்தது.

ஜமன்பாய் நேர்மையான மனுஷர். காக்காய் ஏராளம் என்றார். மழை முடிந்ததும் உப்பளத்துக்குப் பூநாரைகள் வரும் என்றார். ஆமையா, அது ராத்திரியில் கரையேறி முட்டையிட்டுவிட்டுப் போகும், அண்ணன்தான் நாயை விரட்டிக்கொண்டு அலைவார், அதைப் போய் யார் பார்ப்பார்கள் என்றார். பிறகு, தீவ் என்ற பெயரே தீவு என்பதிலிருந்து வந்ததுதான், ஊரைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர், தோணியில்தான் போக வேண்டும் என்றும் சொன்னார்.

அவர் போன பிறகு மெர்சி, "ஸாரிப்பா, எனக்குத் தெரியல" என்றாள். இவர் அவள் தலையில் கை வைத்து, "ஏட்டி, நீ புரிஞ்சதுதான் சரி. நாந்தான் ஊர் பேரு தெரியாம இத்தன நாளும் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு பயம் இருந்தது, அக்காவை நினைத்து. நான் எழுந்து போய் ஒரு கார்டை எடுத்து நானே எழுதினேன். இந்த லீவில் தீவுக்குப் போவதால் பிரதிஷ்டைக்கு வர இயலவில்லை, மன்னிக்கவும். மைனிக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க வராது. அக்கம்பக்கத்தில் யாரோ உரக்க வாசித்திருக்கிறார்கள். தீவும் மன்னிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் கடைத்தெரு போய்ச் சேர்வதற்குள் தீவாந்தரம் ஆகிவிட்டது.

6

பயணத்தைப் பற்றி எழுதினால் பத்திரிகை தாங்காது. இரண்டு இடத்தில் வண்டி மாறி, கடைசி வண்டி மாட்டு வண்டியை விடக் கொஞ்சம் வேகமாகப் போய், தோணி ஏறி, புழுதியும் களைப்புமாக இறங்கினோம். ஜமன்பாயின் அண்ணன் கரையில் நின்றிருந்தார். எல்லாரும் அவரை மோட்டாபாய் என்கிறார்கள், பெரியண்ணன் என்று அர்த்தமாம். ஆப்பிரிக்காவில் போர்ச்சுகீசியர் ஊரில் பல வருஷம் கொத்தனாராக இருந்து வந்தவர். குஜராத்தி பேசுவார், போர்ச்சுகீஸ் பேசுவார், இந்தி வராது. இந்தி தெரிந்த நானும் மெர்சியும் ஒன்றும் புரியாமல் நின்றோம்.

மாடி அறையைக் காட்டும்போது அவர் ஏதோ சொல்லிக்கொண்டே ஜனெலா என்றார். இவர் போய் ஜன்னலைத் திறந்தார். மோட்டாபாய் ஆச்சரியத்தோடு மெசா என்றார். இவர் மேசையைத் தொட்டுக் காட்டினார். அலமாரிக்கு அவரும் கிட்டத்தட்ட அலமாரி என்றே சொன்னார். சாவி, துவாலை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கிழவரும் இவரும் குழந்தைகளைப் போலச் சிரித்தார்கள். என்றைக்கோ நம் கடற்கரையில் வந்திறங்கியவர்கள் விட்டுப்போன சொற்கள், நாம் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருப்பவை. பஸ்ஸில் அப்பா இந்தி பேசினால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மகள் எனக்கு இருக்கிறாள். அன்று அவள், "அப்பாக்கு இதெல்லாம் எப்படிம்மா தெரியும்?" என்று என்னிடம் கேட்டாள். நம்ம பாஷைதான் என்றேன். அன்றிலிருந்து மோட்டாபாய் சொன்னதையெல்லாம் தன் அப்பாவிடம் கேட்டு மெர்சி எனக்கு மொழிபெயர்த்தாள். பாதி தப்பாகத்தான் இருந்திருக்கும்.

மறுநாள் உப்பளத்துக்குப் போனோம். தூரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. பூநாரைகள். இவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல், பூனை மாதிரி நடந்தார். பாதி தூரம் போவதற்குள் அவ்வளவும் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்துபோயின. இதுகளுக்கு மனுஷனை நன்றாகத் தெரிந்திருக்கிறது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் திரும்பி நடக்கும்போது செருப்பைப் போட மறந்து, வெறுங்காலோடு உப்பில் நடந்து வந்தார். மைனி வீட்டுக்காவது போயிருக்கலாமோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

7

கிளம்புவதற்கு முந்தைய நாள், விடிகிற நேரத்தில் மோட்டாபாய் வந்து கதவைத் தட்டினார். எந்த பாஷையும் பேசாமல் கையைக் காட்டினார். மூன்று பேரும் அவர் பின்னாலேயே கடற்கரைக்கு ஓடினோம்.

ராத்திரியே போயிருக்க வேண்டிய ஓர் ஆமை இன்னும் மணலில் இருந்தது. நம் பக்கத்தில் பேராமை என்பார்களே, அது. ஸ்டீபன் அண்ணன் சொன்ன கட்டில் அகலம் இல்லை, ஒரு பெரிய அண்டாவின் மூடி அளவு இருக்கும். முட்டையிட்ட குழியை மூடிக்கொண்டிருந்தது. துடுப்பு மாதிரியான கையால் மணலை வாரி வாரிப் பின்னால் எறிந்தது. அதில் பாதி இவர் பேண்ட்டில் வந்து விழுந்தது. இவர் தட்டிவிடவில்லை. அதன் கண்ணிலிருந்து நீர் வடிந்து மணல் ஒட்டியிருந்தது. அது அழுகையில்லை, அதன் உடம்பு அப்படி என்று பிறகு மெர்சி புத்தகம் பார்த்துச் சொன்னாள். அப்போது எங்களுக்குத் தெரியாது. பிள்ளைபெற்ற களைப்பு என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

மூடி முடித்ததும் கடல் பக்கம் திரும்பியது. இவர் நின்ற இடம்தான் அதற்கு வழி. குர்லா பாலத்தில் ஒருத்தருக்கும் நகராத மனுஷர் சட்டென்று இரண்டடி பின்னால் போய் வழிவிட்டார். அவர் கால் விரலை உரசுகிற மாதிரி, அவசரமே இல்லாமல், நின்று நின்று இளைப்பாறி அது போயிற்று. ஒரு தடவைகூட அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. முதல் அலை வந்து நனைத்தது, இரண்டாவது அலை தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அவர் வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், கல்யாணத்தன்றுகூட அவ்வளவு இல்லை.

"பாத்தியாளா? எப்ப வந்த, எப்ப போற, என்ன கொண்டாந்தன்னு கேக்காத ஒரு சீவன இன்னைக்குத்தான் பாக்குதேன்."

நானும் மெர்சியும் விழுந்து விழுந்து சிரித்தோம். மோட்டாபாய்க்கு விஷயம் புரியாவிட்டாலும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இருபது வருஷமாக அவர் ஊருக்கு வந்து இறங்கியதெல்லாம் என் கண் முன்னால் வந்தது. பஸ்ஸிலிருந்து ஒரு கால் கீழே வைத்ததும் அந்த மூன்று கேள்விதான். பாசமாகத்தான் கேட்கிறீர்கள், எனக்குத் தெரியும். அவரும் பாசமாகத்தான் பதில் சொல்கிறார்.

மைனி, வருகிற வைகாசியில் லீவு சொல்லியிருக்கிறது. புது வீட்டைப் பார்க்க மூன்று பேரும் வருகிறோம். வந்த முதல் நாள் மட்டும் உங்கள் தம்பியை யாரும் ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார விடுங்கள். கொண்டுவந்ததை எல்லாம் நானே பிரித்துக் கொடுத்துவிடுகிறேன்.